பாதியில் மூடி வைத்த நூல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

காலில் புத்தகம் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளும் நானே. என் தாயாருக்குப் புத்தகமும் சோறும் ஒன்றுதான். தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் எப்படித் திட்டுவாரோ, அப்படியே எடுத்த புத்தகத்தைப் பாதியில் வைத்தாலும் திட்டுவார். "பாதியில வெச்சா படிப்பு கோவிச்சுக்கும்" என்பது அவர் சொல். இந்த நம்பிக்கையோடுதான் கல்லூரிக்கு வந்தேன். ஆதலால், பிடிக்காத ஒரு நூலை எப்போது கீழே வைக்கலாம் என்னும் கேள்வி பிறருக்குச் சிறியதாகத் தோன்றலாம். எனக்கு அது ஓராண்டு உறக்கத்தைக் கெடுத்த கேள்வி. ஒரு கட்டத்தில் நூலை விடுவதா, கல்லூரியையே விடுவதா என்ற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. அந்த அனுபவத்தையும், அதன்பின் நான் தேடிப் படித்து அறிந்தவற்றையும் நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாம் ஆண்டு தொடங்கி மூன்றாவது வாரம் இருக்கும். தமிழ் வகுப்பில் உலகப் பெருநாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. டால்ஸ்டாயைப் படிக்காதவர் நாவலே படிக்காதவர் என்று ஐயா வேடிக்கையாகச் சொன்னார். அவர் வேடிக்கையாகச் சொன்னதை நான் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே நூலகத்தில் 'போரும் வாழ்வும்' முதல் பாகத்தை எடுத்துவிட்டேன். 'தினமணி'யின் முதல் ஆசிரியராக இருந்த டி. எஸ். சொக்கலிங்கம் தமிழாக்கிய நூல் அது. ரஷ்ய மூலம் 1869-இல் நிறைவு பெற்றது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாந்தர் அதில் வந்து போகின்றனர் என்று பின்னர் அறிந்தேன். முன்னரே அறிந்திருந்தால் அவ்வளவு துணிவு வந்திருக்காது.

கதை 1805-ஆம் ஆண்டில், பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் சீமாட்டி ஒருவரின் விருந்துக் கூடத்தில் தொடங்குகிறது. பிரபுக்கள் வருகின்றனர், நெப்போலியனைப் பற்றிப் பேசுகின்றனர், போகின்றனர். ஒரே ஆளை ஒருவர் பெயரிட்டு அழைப்பார். இன்னொருவர் தந்தை பெயரையும் சேர்த்து அழைப்பார். மூன்றாமவர் குடும்பப் பெயரால் குறிப்பார். மூவரும் மூன்று பேர் என்று எண்ணி நான் இருபது பக்கம் படித்துவிட்டேன். உண்மை தெரிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தேன். இப்படியே மூன்று மாதம். நான்கு முறை தேதி நீட்டிப்பு வாங்கினேன். நான் எட்டிய பக்கம் 112.

எங்கள் நூலகத்தில் முதலாம் ஆண்டு மாணவருக்கு இரண்டு அட்டைகள். ஒன்றில் இந்த நாவல் உட்கார்ந்துகொண்டது. மற்றொன்றில் ஹாலிடே, ரெஸ்னிக் ஆகியோர் எழுதிய ஆங்கில இயற்பியல் நூல். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். அந்த நூலின் ஒரு பக்கத்தைக் கடக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுவும் பாதி புரியும், பாதி புரியாது. ஆக, இரவு எட்டு மணிக்கு விடுதியில் அமர்ந்தால் இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை. இரண்டையும் பார்த்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துவிடுவேன். பள்ளியில் படித்த நாளில் வாரம் ஒரு நூல் படித்த நான், அந்த மூன்று மாதத்தில் ஒன்றுகூட முடிக்கவில்லை. வேறு நூல் எடுக்க அட்டையும் இல்லை. 'எடுத்ததை முடிக்காமல் இன்னொன்றா?' என்று மனமும் இடந்தரவில்லை.

மெல்ல ஓர் எண்ணம் வந்தது. ஒரு கதைப் புத்தகத்தையே முடிக்க முடியாதவனுக்குப் பட்டம் எதற்கு? படிப்பு என்பது நம்மைப் போன்ற வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஆனதன்று போலும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருக்கும் பெரியப்பா மகன், "வர்றதா இருந்தா சொல்லு தம்பி, நம்ம கம்பெனியிலேயே சொல்லி விடறேன்" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, திரும்பிக் கல்லூரிக்கு வருவதில்லை என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டேன்.

என் தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. இப்போது எல்லாரும் ஆழ்துளைக் கிணறு போடுவதால் புதுக் கிணறு அரிது. பழைய கிணறுகளை ஆழப்படுத்தும் வேலைதான் மிகுதி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். கரையில் கிரேன் நின்றது. கம்ப்ரசர் வண்டி ஓய்ந்திருந்தது. வேப்ப மரத்தடியில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். திருப்பூரைச் சொல்லவில்லை. புத்தகத்தைத்தான் சொன்னேன். மூன்று மாதமாகப் படிக்கிறேன், நகரவில்லை, விடவும் மனமில்லை என்றேன்.

அவருக்குப் பேருந்தின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவே. புத்தகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, "கெட்டியா இருக்குதா, காய்ஞ்சு கெடக்குதா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை.

"பாறை கெட்டியா இருக்குதுன்னு எந்தக் கெணத்தையும் நாங்க விட்டதில்ல, சாமி. கெட்டிப் பாறைன்னா ஒரு தோட்டா கூட வெப்போம். நாள் ஆகும், அவ்வளவுதான். குழி போடறப்போ புழுதி பறக்குதா, சேறா வருதா, அதத்தான் பாக்கோணும். கொஞ்சம் ஈரம் தெரிஞ்சாலும் எறங்கலாம். நாலு பக்கமும் குழி போட்டுப் பாத்து, நாலுலயும் புழுதியே பறந்துச்சுன்னா ஏறி வந்துருவோம்."

"அதுவரைக்கும் வெட்டுன அறுபது அடி?"

"அது போனது போனதுதான். அந்த அறுபதுக்காக இன்னும் பத்து வெட்டுனா எழுபது போகும்."

பிறகு ஒரு தோட்டக்காரரின் கதையைச் சொன்னார். அறுபதாவது அடியிலேயே தண்ணீர் இல்லை என்று அப்பாவின் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். இவ்வளவு செலவு செய்துவிட்டு நிறுத்துவதா என்று அவர் ஆட்டை விற்று எழுபது ஆக்கினார். மனைவியின் தோட்டை அடகு வைத்து எண்பது ஆக்கினார். அந்தக் கிணற்றில் இன்றும் மழைத் தண்ணீர்தான் நிற்கிறது. "எங்களுக்குக் கூலி வந்துச்சு. ஆனா அந்தக் கூலிய வாங்கறதுக்குச் சங்கடமா இருந்துச்சு" என்றார்.

நான் கல்லூரிக்குத் திரும்பினேன்.

கடினமும் வறட்சியும் வேறு வேறு என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டுக்கும் அடையாளம் ஒன்றுபோலவே இருக்கிறது; பக்கம் நகர்வதில்லை, கொட்டாவி வருகிறது, கை வேறு எதையோ தேடுகிறது. எனினும் சற்று நிதானித்துப் பார்த்தால் பிரித்தறியலாம். இயற்பியல் நூலை நான் மூடிய பிறகும் அதன் ஒரு வரி மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். குளியலறை வரிசையில் நிற்கும்போது 'அந்தச் சக்கரம் ஏன் கவிழவில்லை?' என்று தோன்றும். அதுதான் ஈரம். நாவலையோ மூடினால் மூடியதுதான். ஆண்ட்ரூவுக்கு என்ன ஆயிற்று, பியருக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் நான் கவலைப்பட்டதில்லை. எனக்கு, அந்த ஆண்டில், அதில் புழுதிதான் பறந்தது.

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் என் பிழை. வறட்சியைப் பொறுத்துக்கொண்டேன், கடினத்தைக் கண்டு ஊரை விட்டு ஓட இருந்தேன்.

கெட்டிப் பாறைக்குத் தோட்டா மட்டுமே வழியன்று. கிணற்றுக்குள் இருந்தபடியே பக்கவாட்டில் துளை போடுவார்கள்; 'சைடு போர்' என்பது வழக்கு. நம் மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடும்பாறைப் பகுதி. அங்கே நிலத்தடி நீர் பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும்தான் தங்குகிறது. ஆகவே நேர் கீழே இல்லாத நீர் நான்கடி பக்கத்தில் ஒரு வெடிப்பில் இருக்கக்கூடும். நான் செய்ததும் அதுவே. பதினோராம் வகுப்புத் தமிழ்வழி இயற்பியல் பாடநூலை வீட்டிலிருந்து எடுத்துவந்து ஆங்கில நூலின் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். 'ஆங்குலர் மொமெண்டம்' என்று என்னை அச்சுறுத்தியவர் எனக்கு நன்கு பழகிய 'கோண உந்தம்' ஐயாதான். 'டார்க்' என்பவர் திருப்பு விசை. மூன்று மாதம் நகராத அத்தியாயம் ஒன்பது நாளில் முடிந்தது. முழுவதும் விளங்கிற்று என்று சொல்லமாட்டேன். சேறு வரத் தொடங்கிற்று.

இந்தப் பக்கத்துளை வேலையைப் பெரிய அளவில் செய்தவர் உ. வே. சாமிநாதையர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த இளைஞர் அவர். நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரி. அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். முதலியாருக்குத் திருப்தி இல்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் அந்நூலைப் பார்த்ததும் இல்லை. பிறகு முதலியார் கொடுத்த நூலை எடுத்துப் பார்த்தால், அத்தனை நூல் கற்றவருக்கும் அது பிடிபடவில்லை. அது சமண காவியம்; அச்சமயக் கருத்துகள் இவருக்குப் பழக்கமில்லாதவை. நூலோடு முட்டிக்கொண்டிராமல், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டார். அவர்களுக்கோ அது வீட்டுச் சங்கதி. சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. அதற்குப் பின் வந்த சங்க நூற்பதிப்புகளை நான் இங்கே சொல்ல வேண்டுவதில்லை.

எங்கள் துறைக்காரர் ஒருவரையும் குறிப்பிடாவிட்டால் வகுப்பில் என்னை விடமாட்டார்கள். நியூட்டன் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது யூக்ளிடின் வடிவியலை எடுத்துப் பார்த்து, இவை கண்டாலே தெரிபவை என்று ஒதுக்கிவிட்டாராம். அடுத்து தெகார்த்தின் வடிவியலை எடுத்தார். இரண்டு மூன்று பக்கத்தில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இன்னும் சில பக்கம் போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து. இப்படியே முழு நூலையும் வசப்படுத்தினார் என்று அவருடைய உறவினர் ஜான் கான்டுயிட் எழுதிவைத்துள்ளார். கடினமானதை விடாமல், எளியதை விட்டார். அதிலும் ஒரு குட்டு வாங்கினார். பேராசிரியர் ஐசக் பாரோ யூக்ளிடில் கேள்வி கேட்டபோது சரியாக விடை சொல்லவில்லை என்பதும் அதே குறிப்பில் உண்டு. எளிதென்று ஒதுக்குவதிலும் அபாயம் இருக்கிறது.

இனி அந்த அறுபது அடிக்கு வருவோம். செலவழித்துவிட்டோம் என்பதற்காகவே மேலும் செலவழிப்பதைப் பொருளியலார் 'மூழ்கிய செலவு' என்னும் தொடரால் விளக்குகின்றனர். கிணறு வெட்டுகிறவர் மகனுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் ஆர்க்கஸ், புளூமர் என்னும் இருவர் செய்து 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாடகப் பருவம் முழுவதற்குமான அனுமதிச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கே சீட்டைக் கொடுத்தனர். சிலருக்கு 2 டாலர் தள்ளுபடி. சிலருக்கு 7 டாலர் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் போலத்தான். நாடகம் அனைவருக்கும் ஒன்றே. ஆயினும் பருவத்தின் முற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே மிகுதியாக வந்தனர். கொடுத்த காசு அவர்களை அழைத்துவந்தது. பிற்பாதியில் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது என்பதையும் ஆய்வு காட்டுகிறது.

நான் நூலுக்குக் காசு கொடுக்கவில்லை; மாலைப் பொழுதுகளைக் கொடுத்திருந்தேன். 112 பக்கம் வீணாகிவிடுமே என்ற ஏக்கம்தான் 113-ஆம் பக்கத்தைப் புரட்டச் சொன்னதே தவிர, கதையன்று.

விடுமுறை முடிந்து வந்த முதல் வாரமே நாவலைத் திருப்பிக் கொடுத்தேன். குற்றவாளி போல்தான் போய் நின்றேன். நூலகர் அம்மா நூலை வாங்கித் தேதி குறித்துவிட்டு, "நல்லவேளை. வரலாற்றுத் துறைப் பொண்ணு ஒண்ணு மூணு தடவை வந்து கேட்டுட்டுப் போச்சு" என்றார். இது நான் எண்ணிப்பாராத செய்தி. நான் படிக்காமல் வைத்திருந்த ஒவ்வொரு வாரமும், படிக்க விரும்பிய ஒருவரிடமிருந்து அந்நூலைப் பிடுங்கி வைத்திருந்திருக்கிறேன்.

நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றில் இரண்டு, நூலுக்கும் வாசகருக்கும் பொருத்தம் பார்க்கும் விதிகள். ஒவ்வொருவருக்கும் உரிய நூல் எங்கோ உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரியவர் எங்கோ உண்டு என்னும் கருத்துடையவை. நான்காவது விதி வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்கிறது. இதைச் சொன்னவர் நூல்களை வெறுத்தவர் அல்லர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கணித ஆசிரியராக இருந்த ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்த புதிதில், அந்த வேலையின் தனிமையும் சலிப்பும் தாங்காமல் மாநிலக் கல்லூரிக்கே திரும்பிப் போக விரும்பினார். இலண்டன் சென்று நூலகப் பணியைக் கற்றுவந்த பின்னும் பிடிக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். போய் வந்தவர் பழைய வேலையைக் கேட்கவில்லை. நூலகத்தின் உள்ளே கிடைக்காத ஈரம் அவருக்கு வெளியே போய்ப் பார்த்தபோது கிடைத்திருக்கிறது.

பாடநூல்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் செல்லாது. தேர்வு இருக்கிறது, அரியர் இருக்கிறது. அங்கே பக்கத்துளைதான் வழி. ஏறி வர வழியில்லை.

அடுத்து நான் செய்த எதிர்ப்பிழையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு நூலை விடலாம் என்று தெரிந்ததும் எனக்குக் கை வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு மாதத்தில் ஒன்பது நூல்களை எடுத்து ஒன்பதையும் பத்தாம் பக்கத்தில் மூடினேன். 'ஈரமில்லை, ஈரமில்லை' என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போனேன். ஒன்பது கிணற்றிலும் புழுதி பறந்தால் கோளாறு நிலத்தில் இல்லை, துளை போடுகிறவனிடம் இருக்கிறது என்பது உறைக்கச் சில நாள் ஆயிற்று. மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு பத்துப் பக்கம் படித்தால் எந்த நூலும் காய்ந்துதான் கிடக்கும். இப்படி அநியாயமாக மூடியவற்றில் ஒன்று, உ. வே. சா. எழுதிய 'என் சரித்திரம்'. உத்தமதானபுரம் என்னும் ஊரின் வரலாற்றோடு அது தொடங்கும். எனக்குப் பொறுமை இல்லை. பிறகு சிந்தாமணி நிகழ்ச்சி எழுதப்பட்ட பகுதி நூலின் பிற்பாதியில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரே அங்கே போனேன். அங்கிருந்து பின்னோக்கி வந்து, கடைசியில்தான் உத்தமதானபுரம் சேர்ந்தேன். ஒரு நூலை முதற்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

இப்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது. ஐம்பது பக்கம் வரை கைப்பேசியை அறைத்தோழனிடம் கொடுத்துவிட்டுப் படிக்கிறேன். (அவன் அதில் என் இணையக் கட்டை முழுவதும் தீர்த்துவிடுகிறான், அது வேறு கதை.) ஐம்பதுக்குப் பிறகு இரண்டு நாள் நூலைத் தொடுவதில்லை. அந்த இரண்டு நாளில் நூல் தானாக ஒருமுறையேனும் நினைவுக்கு வந்தால் தொடர்கிறேன். வராவிட்டால், நின்ற பக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பக்க எண்ணை எழுதிவைப்பது அம்மாவின் பொருட்டு. தட்டில் மிச்சம் வைக்கவில்லை, மூடி வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

அந்த வரலாற்றுத் துறை அக்கா மூன்று பாகங்களையும் முடித்துவிட்டார். அவரை நூலக வாசலில் ஒருநாள் சந்தித்தபோது, "நீ இயற்பியல்தானே? பின்னாடி ஒரு இடத்தில் உங்க கணக்கு வருது, பாரு" என்று சொல்லி, பக்கத்தையும் எடுத்துக் காட்டினார். நெப்போலியனின் படை மாஸ்கோவை நெருங்கும் 1812-ஆம் ஆண்டுப் பகுதி. அங்கே டால்ஸ்டாய் கதையை நிறுத்திவிட்டு, ஆமையை எட்டிப் பிடிக்க முடியாத அக்கிலீஸின் பழைய புதிரை எடுத்துக்கொள்கிறார். இயக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதால் வரும் குழப்பம் அது என்றும், மிக மிகச் சிறிய அளவுகளை எடுத்துத் தொகுக்கும் நுண்கணிதம் அதைத் தீர்த்தது என்றும் விளக்குகிறார். வரலாற்றையும் அப்படித்தான், எண்ணற்ற எளிய மனிதரின் சிறு சிறு விருப்பங்களைத் தொகுத்துத்தான் அறிய வேண்டும். ஓர் அரசனை, ஒரு தளபதியை மட்டும் எடுத்துக்கொண்டு அறிய முடியாது என்று வாதிடுகிறார். தொகையீட்டை அந்த வாரம்தான் எங்களுக்கு நடத்தி முடித்திருந்தார்கள். நூலக வாசலில் நின்றபடியே நான்கு பக்கம் படித்தேன். முதலாம் ஆண்டில் முக்கி முக்கி அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தாலும், அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

முதல் பாகத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். இம்முறை பெயர்களை ஒரு தாளில் எழுதி அட்டையின் உட்புறம் செருகி வைத்திருக்கிறேன். அதுவும் அந்த அக்கா கொடுத்த தாள்தான். இதை எழுதும்போது பக்கம் 64. இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.